படிக்கட்டில் கிடைத்த ஒலிம்பிக் தங்கம்

2012 ஆகஸ்ட் 11 அன்று லண்டனில், பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே நீளும் தி மால் சாலையில் ஒலிம்பிக் 50 கிலோமீட்டர் நடைப்போட்டி நடந்தது. ரஷ்யாவின் செர்கே கிர்ட்யாப்கின் 3 மணி 35 நிமிடம் 59 நொடியில் முதலாவதாக வந்தார். அவருக்கு 54 நொடி பின்னால் வந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜேரட் டாலன்ட். இன்று அந்தப் போட்டியின் முடிவைத் தேடிப் பார்த்தால் தங்கம் டாலன்ட்டின் பெயரில் இருக்கும். கிர்ட்யாப்கினுக்கு எந்த இடமும் இருக்காது. இந்தத் திருத்தம் நடக்க மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது.

கல்லூரி நாட்களில் நானும் வேகநடை நடந்தவன். பல்கலைக்கழகப் போட்டிகளைத் தாண்டிப் போகவில்லை, ஆனால் அந்த விளையாட்டின் மேல் அன்று வந்த பிடிப்பு இன்னும் விடவில்லை. உலகத்தில் எங்கே பெரிய நடைப்போட்டி நடந்தாலும் விழித்திருந்து பார்ப்பேன். பார்த்த வீரர்களில் மனசுக்கு மிக நெருக்கமானவர் யாரென்று கேட்டால் டாலன்ட் என்றுதான் சொல்வேன். அவரைவிட அதிகம் ஜெயித்தவர்கள் உண்டு. போலந்தின் ராபர்ட் கோர்சனியோவ்ஸ்கி நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஆனாலும் இந்த விளையாட்டின் பெருமை, வேதனை இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் டாலன்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வேகநடைக்கு விதி இரண்டே இரண்டு. ஒன்று, எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும்படி இரண்டும் சேர்ந்து எழும்பக் கூடாது. இரண்டு, முன்னே வைக்கிற கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர் மேலே வரும் வரைக்கும் முழங்கால் மடங்கக் கூடாது. அவ்வளவுதான். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமும் போக வேண்டும் என்பதால்தான் இடுப்பு அப்படிச் சுழல்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த இடுப்புச் சுழற்சிதான் ஒவ்வொரு எட்டிலும் சில சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கித் தருகிறது. பழகாதவர் வேகத்தைக் கூட்டினால் முதலில் எரிவது தொடை இல்லை. கெண்டைக்காலுக்கு எதிர்ப்பக்கத்தில், எலும்பை ஒட்டியிருக்கும் தசைதான். குதிகாலை ஊன்றி, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிப் பிடித்து, திரும்பத் திரும்ப நடக்கும்போது அந்த இடம் கல் மாதிரி இறுகிவிடும். நிமிடத்துக்கு இருநூறு எட்டு என்ற கணக்கில் அதைச் செய்ய வேண்டும்.

நடுவர்கள் இருக்கிறார்கள். சாலையில் நடக்கும் பெரிய போட்டியில் ஆறு முதல் ஒன்பது பேர் வரை நிற்பார்கள். பாதை ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் சுற்று என்பதால் ஒவ்வொரு வீரரும் திரும்பத் திரும்ப அவர்கள் கண் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் மஞ்சள் பலகையைக் காட்டுவார்கள். பாதம் எழும்பியதற்கு அலைக்கோடு, முழங்கால் மடங்கியதற்குக் கோணக்குறி. தவறு உறுதி என்று தோன்றினால் தலைமை நடுவருக்குச் சிவப்பு அட்டை போகும். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து சிவப்பு வந்தால் வெளியே போக வேண்டியதுதான். இப்போது தண்டனைப் பகுதி என்று ஒன்று வைத்து, அங்கே சில நிமிடம் நிறுத்திவைத்துத் திரும்ப விடுகிறார்கள். டாலன்ட் பதக்கம் வாங்கிய ஒலிம்பிக் போட்டிகளில் அதெல்லாம் கிடையாது. மூன்று சிவப்பு விழுந்தால் பந்தயம் முடிந்தது. 2016 ரியோவில் 20 கிலோமீட்டர் நடைக்குப் போன தமிழ்நாட்டுக்காரர் கணபதி கிருஷ்ணனும் இன்னொரு இந்தியரான குர்மீத் சிங்கும் இப்படித்தான் நீக்கப்பட்டார்கள்.

ஆஸ்திரேலியர்களுக்கு இந்தக் காயம் ரொம்ப நன்றாகத் தெரியும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் 20 கிலோமீட்டரில் ஜேன் சவில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். சொந்த ஊர், சொந்தக் கூட்டம். மைதானத்துக்குள் நுழையும் சுரங்க வழியில் தலைமை நடுவர் சிவப்புப் பலகையோடு காத்திருந்தார். உள்ளே தங்கத்துக்காகக் கத்திக்கொண்டிருந்த கூட்டத்திடம் அவரால் போய்ச் சேரவே முடியவில்லை. (நான்கு வருடம் கழித்து ஏதென்ஸில் அவர் வெண்கலம் வாங்கியபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.) டாலன்ட் வளர்ந்தது அந்த நினைவு ஆறாத ஒரு நாட்டில்.

அவர் 1984 அக்டோபரில் விக்டோரியா மாநிலத்தின் பல்லாரட்டில் பிறந்தார். உருளைக்கிழங்கு விளைவிக்கும் குடும்பம். ஆஸ்திரேலியாவில் நடைப்போட்டிக்குப் பழைய வேர் உண்டு, சின்னப் பிள்ளைகளின் தடகளத்திலேயே நடையும் ஒரு போட்டி. டாலன்ட் மேலே வந்த காலத்தில் நேதன் டீக்ஸ் என்ற பெரிய ஆள் அங்கே இருந்தார். 2006 டிசம்பரில் ஜீலாங்கில் 50 கிலோமீட்டரை 3:35:47 இல் நடந்து உலக சாதனை வைத்தவர், அடுத்த வருடம் ஒசாகாவில் உலக சாம்பியன். 2008 பெய்ஜிங்குக்குக் காயத்தால் டீக்ஸ் போக முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் நம்பிக்கை 23 வயது டாலன்ட் மேல் வந்து விழுந்தது.

பெய்ஜிங்கில் அவர் செய்ததை இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆகஸ்ட் 16 இல் 20 கிலோமீட்டர் நடந்து வெண்கலம் வாங்கினார். முதலில் வந்தவர் ரஷ்யாவின் வலேரி போர்ச்சின், இரண்டாவது ஈக்வடாரின் ஜெஃபர்சன் பெரஸ். தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த அதே பெரஸ்தான், அதுவும் தங்கமாக, 1996 இல். ஆறு நாள் கழித்து டாலன்ட் 50 கிலோமீட்டருக்கு வந்து நின்றார். இத்தாலியின் அலெக்ஸ் ஷ்வாட்சர் 3:37:09 இல் தங்கம், டாலன்ட் 3:39:27 இல் வெள்ளி. இரண்டும் நடைதான் என்றாலும் குணம் வேறு. 20 கிலோமீட்டரில் வேகம்தான் எல்லாம். 50 கிலோமீட்டரில் முப்பத்தைந்தைத் தாண்டியதும் உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோகும். குடித்தது வயிற்றில் நிற்காது. அந்தச் சோர்விலும் முழங்கால் நேராக நிற்க வேண்டும், நடுவர் யாரும் பாவம் பார்க்க மாட்டார். ஒரே வாரத்தில் இரண்டிலும் பதக்கம் வாங்கிய மனிதர் அதிகம் பேசப்படவில்லை என்பது எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம்.

அந்த வருடமே சக வேகநடை வீராங்கனை கிளேரைக் கல்யாணம் செய்துகொண்டார். தங்கை ரேச்சலும் நடையில்தான், ரியோ ஒலிம்பிக் வரை போனவர். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் டாலன்ட் நம் மண்ணிலும் நடந்து 20 கிலோமீட்டர் தங்கத்தை வாங்கிப் போனார். அதே மேடையில் மூன்றாவது படியில் நின்றவர் இந்தியாவின் ஹர்மிந்தர் சிங். இந்தியாவில் இந்த விளையாட்டு கவனத்துக்கு வந்ததற்கு அந்த வெண்கலத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். இரண்டு வருடத்தில் லண்டன் 20 கிலோமீட்டரில் கேரளத்தின் கே.டி. இர்ஃபான் பத்தாவது இடம் வந்தார். அதே பந்தயத்தில் டாலன்ட் ஏழாவது.

சரி, லண்டன் 50 கிலோமீட்டருக்கு வருவோம். டாலன்ட்டின் நேரம் 3:36:53. கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 20 நொடி. அந்த வேகத்தில் மாரத்தான் தூரத்தைக் கடக்க 3 மணி 3 நிமிடம் ஆகும். ஓடியே அந்த நேரத்துக்குள் மாரத்தானை முடிக்க வருடக்கணக்கில் உழைக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். டாலன்ட் அந்தத் தூரத்தை நடந்து கடந்து, அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நடந்தார். அப்படி நடந்தும் முன்னால் ஒருவர் இருந்தார்.

கிர்ட்யாப்கின் பழகிய இடம் ரஷ்யாவின் மொர்தோவியா பகுதியில் உள்ள சரன்ஸ்க். அங்கே விக்டர் செகின் என்ற பயிற்சியாளர் ஒரு நடை மையம் நடத்தினார். பத்து வருடத்துக்கும் மேலாக உலகப் பதக்கங்கள் அங்கே போய்க் குவிந்தன. ஒலிம்பிக் சாம்பியன்கள், உலக சாம்பியன்கள், கூடவே வரிசையாகப் பிடிபட்டவர்களும் அதே மையத்திலிருந்து வந்தார்கள். நடை உலகத்தில் எல்லாரும் இதைப் பற்றி முணுமுணுத்தார்கள். டாலன்ட் முணுமுணுக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். தோற்றவனின் பொறாமை என்று சொல்லிவிட்டுப் போக யாருக்கும் சுலபம், அது தெரிந்தும் பேசினார்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது ரத்தம். ‘உயிரியல் பாஸ்போர்ட்’ என்ற முறையில், ஒரு வீரரின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் எடுத்து வைத்து ஒப்பிடுவார்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள் எவ்வளவு என்று. மருந்தே கையில் சிக்காவிட்டாலும், இயற்கையாக நடக்க வாய்ப்பில்லாத ஏற்ற இறக்கம் தெரிந்தால் வழக்குப் போடலாம். கிர்ட்யாப்கின் அதில்தான் சிக்கினார். 2015 ஜனவரியில் ரஷ்ய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அவருக்கு மூன்று வருடம் இரண்டு மாதம் தடை விதித்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு வேலை செய்திருந்தார்கள். மொத்தக் காலத்தின் முடிவுகளையும் ரத்து செய்யாமல், நடுவில் சில துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ரத்து செய்தார்கள். லண்டன் ஒலிம்பிக் அந்தத் துண்டுகளுக்கு வெளியே விழுந்தது. ஆள் குற்றவாளி, ஆனால் தங்கம் அவருக்கே! இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? ஏமாற்றியவரைவிட, காலண்டரை வைத்துக்கொண்டு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று உட்கார்ந்து கத்தரித்தவர்கள் மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

சர்வதேசத் தடகள சம்மேளனம் லோசானில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தது. ஒரு வருடம் இழுத்து, 2016 மார்ச் 24 இல் தீர்ப்பு வந்தது. ஆறு ரஷ்யர்களின் வழக்கு, அதில் ஐந்து பேர் செகினிடம் பழகிய நடை வீரர்கள். கிர்ட்யாப்கினுடைய 2009 ஆகஸ்ட் முதல் 2012 அக்டோபர் வரையான எல்லா முடிவுகளும் போயின. லண்டன் தங்கமும் போனது. டாலன்ட் ஒலிம்பிக் சாம்பியன் ஆனார். 2011 தேகு உலகப் போட்டியில் முதலில் வந்த செர்கே பகுலினும் அதே தீர்ப்பில் நீக்கப்பட, டாலன்ட்டின் வெண்கலம் வெள்ளியானது. செகினுக்கு ஆயுள் தடை.

2016 ஜூன் 17, மெல்போர்ன். பழைய கருவூலக் கட்டடத்தின் படிக்கட்டில் வைத்து அந்தத் தங்கப் பதக்கத்தை டாலன்ட்டுக்கு அணிவித்தார்கள். அதே நாளில் வியன்னாவில் கூடிய தடகள சம்மேளனம், ரஷ்யத் தடகள அணிக்கான தடை நீடிக்கும், ரியோவுக்கு வர முடியாது என்று அறிவித்தது. இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்தான். இருந்தாலும் அவருக்கு அன்று அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் படிக்கட்டை நான் குறைவாகப் பேசமாட்டேன். நகரத்தின் நடுவில் நல்ல இடம், சொந்த மக்கள். ஆனால் 2012 ஆகஸ்ட் 11 அன்று அவருக்கு உரிய உயரத்தில் நின்று, உடன் நடந்தவர்கள் இரண்டு பக்கமும் நிற்க, உலகமே பார்க்க வாங்கியிருக்க வேண்டியது அது. அடுத்த நான்கு வருடம் ஒலிம்பிக் சாம்பியன் என்ற பெயரோடு வாழ்ந்திருக்க வேண்டும். விளம்பரம், பணம், அழைப்புகள் என்று அந்தப் பெயர் கொண்டுவரும் எல்லாம் அந்த நான்கு வருடத்தோடு போயிற்று. இழந்தவர் அவர் மட்டுமில்லை. சீனாவின் சி தியான்ஃபெங் வெண்கலத்திலிருந்து வெள்ளிக்கு நகர்ந்தார். அயர்லாந்தின் ராபர்ட் ஹெஃபர்னன் அன்று நான்காவது, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர். வெண்கலம் அவரையும் பிறகுதான் தேடி வந்தது. பெண்கள் பக்கம் இன்னும் மோசம். லண்டன் 20 கிலோமீட்டரில் மூன்றாவதாக வந்த திபெத்தியப் பெண் சீயாங் ஷென்ஜிக்கு முன்னால் இருந்த இரண்டு ரஷ்யர்களும் ஒருவர் பின் ஒருவராக நீக்கப்பட்டார்கள். வெண்கலம் வெள்ளியாகி, 2022 இல் தங்கமானது. பத்து வருடம்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். விளையாட்டுகளிலேயே ஒவ்வொரு அசைவையும் மனிதக் கண் நின்று சோதிக்கும் விளையாட்டு இது. பாதம் ஒரு விரற்கடை எழும்பினால் பலகை காட்டுவார்கள். ஜேன் சவிலை மைதானத்து வாசலில் நிறுத்தினார்கள். அவ்வளவு கறார். அந்தக் கறாருக்கு நடுவில், ஒன்பது ஜோடிக் கண்ணும் எட்ட முடியாத இடத்தில், ரத்தத்துக்குள் வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்காலை நேராக வைத்து மூன்றரை மணி நேரம் நடந்த டாலன்ட்டைப் போன்றவர்கள் விதியை இரண்டு இடத்தில் காப்பாற்றினார்கள், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. கைதட்டல் மட்டும் வேறு யாருக்கோ போனது.

ஷ்வாட்சர் கதையையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கவனமாக. பெய்ஜிங்கில் டாலன்ட்டை வென்ற அவர், லண்டன் போட்டிக்கு முன்பு, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் இபிஓ மருந்துக்கான சோதனையில் சிக்கி, தானே ஒப்புக்கொண்டார். பெய்ஜிங் தங்கம் அவரிடமே இருக்கிறது. தடை முடிந்து 2016 மே மாதம் ரோமில் நடந்த உலகக் குழுப் போட்டியில் திரும்ப வந்தார். 50 கிலோமீட்டரில் அவர் முதலிடம், டாலன்ட் இரண்டாவது. பிறகு ஜனவரியில் எடுத்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் ஊக்கமருந்து இருந்ததாக அறிவிப்பு வந்தது, எட்டு வருடத் தடை, ரோம் முதலிடம் டாலன்ட்டுக்கு. ஆனால் 2021 இல் இத்தாலியின் போல்சானோ நீதிமன்றம் அந்த மாதிரியிலேயே யாரோ கைவைத்திருக்கலாம் என்று சொல்லிக் குற்றவியல் வழக்கை முடித்துவைத்தது. விளையாட்டுத் தடை மட்டும் மாறவில்லை. அந்த இரண்டாவது வழக்கில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தங்கம் கைக்கு வந்த இரண்டே மாதத்தில் ரியோ. ஆகஸ்ட் 19, கடலோரத்தில் பொன்டால் சாலை, நல்ல வெயில். பிரான்ஸின் யோஹன் டினிஸ் முன்னால் போய், வயிறு கெட்டு, விழுந்து, எழுந்து, எப்படியோ முடித்தார். கடைசிக் கட்டத்தில் டாலன்ட் முதலிடத்தில் இருந்தார். நான் திரைக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் முடிய சில நிமிடம் இருக்கும்போது ஸ்லோவாக்கியாவின் மாதேய் டோட் வந்து பிடித்துத் தாண்டினார். டோட் 3:40:58, டாலன்ட் 3:41:16. வெறும் 18 நொடி. கோட்டைத் தாண்டும்போதே முதல் ஆளாக இருக்கும் அந்தச் சந்தோஷம் ஒலிம்பிக்கில் அவருக்குக் கடைசி வரை வாய்க்கவில்லை. ஆனால் இந்த முறை அவரைத் தாண்டியது யார், எப்படி என்ற கேள்வி எனக்கு அன்று எழவில்லை. நேர்மையான தோல்வி எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன், அதில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை. மொத்தக் கணக்கு ஒரு தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம்.

அதற்குப் பிறகு பின்தொடைத் தசைக் காயம் அவரை விடவில்லை. 2021 இல், 36 வயதில், டோக்கியோ போகாமலே ஓய்வை அறிவித்தார். அவருடைய போட்டியும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1932 முதல் 1976 ஐத் தவிர எல்லா ஒலிம்பிக்கிலும் இருந்த ஆண்கள் 50 கிலோமீட்டர் நடை, டோக்கியோ ஒலிம்பிக்குக்காக சப்போரோவில் நடந்ததோடு நிறுத்தப்பட்டது. பெண்களுக்கு அதற்கு இணையான போட்டி இல்லை என்பது காரணம். பெண்களுக்கும் 50 கிலோமீட்டர் கொடுத்துச் சமமாக்கியிருக்கலாம் என்பது என் கட்சி. நடக்கக்கூடிய பெண்கள் இருந்தார்கள். எப்படியோ, இனி அந்தத் தூரம் திரும்ப வராதவரை ஒலிம்பிக் சாதனை டாலன்ட் லண்டனில் நடந்த 3:36:53 தான்.

2024 ஆகஸ்ட் 9 இல், பாரிஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே, ஐஃபல் கோபுரத்துக்கு அருகில் ஒரு மேடை போட்டு, ஊக்கமருந்தால் பறிபோன பழைய பதக்கங்களை உரியவர்களுக்குக் கொடுத்தார்கள். லண்டன் 2012 இன் பதக்கங்களும் அதில் இருந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சரியான காரியம், இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டிய காரியம். 2032 இல் ஒலிம்பிக் பிரிஸ்பேனுக்கு வருகிறது, டாலன்ட்டின் சொந்த நாட்டுக்கு. நடைப்போட்டி நடக்கும் காலையில் அவரையும் ஹெஃபர்னனையும் சி தியான்ஃபெங்கையும் சீயாங் ஷென்ஜியையும் அழைத்து, ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் அவர்கள் பெயரைச் சொல்லி மேடையேற்ற வேண்டும். பதக்கம் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே என்று யாரும் சாக்கு சொல்லக் கூடாது. அதைக் கேட்டு ஒலிம்பிக் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் நீங்களும் எழுதுங்கள்.